பை கலங்கினால், நீர் இறங்காவிட்டால்: வீட்டில் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பயிற்சி முடித்து, டியூப் போட்ட புண் ஆறி, வீட்டில் தாங்களாகவே பை மாற்றத் தொடங்கிவிட்டவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பயிற்சிக்கு இது பதிலாகாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது, என்ன பார்க்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்று எடுத்துப் பார்க்க ஒரு குறிப்பு, அவ்வளவுதான். உங்கள் டாக்டரோ பி.டி. (வயிற்று டயாலிசிஸ்) நர்ஸோ வேறு விதமாக எழுதிக்கொடுத்திருந்தால் அவர்கள் சொன்னதே செல்லும்.

கையால் செய்யும் முறையை வைத்தே எழுதுகிறேன்: இரண்டு லிட்டர் பை நீரை டியூப் வழியாக வயிற்றுக்குள் ஏற்றி, சில மணி நேரம் வைத்து இறக்குவது, ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை. ராத்திரி தானாக ஏற்றி இறக்கும் மெஷின் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

இறக்கிய நீர் கலங்கலாக இருக்கிறது

எல்லாவற்றிலும் முக்கியமானது இது, அதனால் இங்கே கொஞ்சம் நீட்டி முழக்கப் போகிறேன்.

இறங்கிய நீர் லேசான மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். பையை அச்சடித்த செய்தித்தாள் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்துகளைப் பை வழியாகப் படிக்க முடிந்தால் தெளிவு. எழுத்து மங்கினால், கழனித் தண்ணீர் மாதிரி தெரிந்தால், வயிற்றுச் சவ்வில் தொற்று வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிட்டோனைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “சிஸ்டர், பை கொஞ்சம் கலங்கலா இருக்கு. ஆனா வலி இல்ல, காய்ச்சலும் இல்ல. நாளைக்குக் காலையில வரட்டுமா?” வேண்டாம், இப்போதே வாருங்கள். பல பேருக்குக் கலங்கல்தான் முதலில் வரும். வலியும் காய்ச்சலும் சில மணி நேரம் கழித்துத்தான் சேரும். வலி வரும்வரை காத்திருந்தால், மருந்துக்குச் சுலபமாகக் கட்டுப்பட்டிருக்க வேண்டிய தொற்றுக்கு ஒரு ராத்திரி முழுக்க இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியது: கலங்கிய பையைக் கொட்டாதீர்கள். அதன் டியூபை கிளாம்ப் போட்டு மூடி, ஒரு சுத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். மருந்து தொடங்குவதற்கு முன் வந்த முதல் கலங்கல் பைதான் நல்ல சாம்பிள். அதில் வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் வகை என்றால் தொற்று என்று முடிவு செய்வார்கள். எந்தக் கிருமி என்பதை, லேபில் அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சொல்லும். நீர் வயிற்றுக்குள் இரண்டு மணி நேரமாவது இருந்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். ஆகவே எத்தனை மணிக்கு ஏற்றினீர்கள் என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

செய்யக் கூடாதது: போன முறை பல் வலிக்கோ சளிக்கோ வாங்கி மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் போட்டுப் பார்ப்பது. தொற்று அதில் போகாது. கல்ச்சரில் கிருமி வளராமல் மட்டும் போய்விடும். அப்புறம் டாக்டர் இருட்டில் அம்பு விட வேண்டியதுதான். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வருவதும் இதே கதைதான். வழியில் வேறு ஆஸ்பத்திரியில் நிறுத்தியே ஆக வேண்டிய நிலை என்றால், “முதலில் இந்தப் பையிலிருந்து சாம்பிள், அப்புறம் மருந்து” என்று சொல்லுங்கள். அதற்காக, உடம்பு மோசமாக இருக்கும் ஆளுக்கு மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. சாம்பிள் எடுக்க ஐந்து நிமிஷம் போதும்.

வலி தாங்க முடியாமல் இருந்தால் இரண்டு மூன்று பைகளை அடுத்தடுத்து ஏற்றி இறக்கச் சொல்வதுண்டு. அதை நாங்கள் போனில் சொன்னால் மட்டும் செய்யுங்கள். அப்போதும் முதல் பையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வைத்தியம் என்ன என்று பயப்படுகிறவர்களுக்கு: பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கை அந்தப் பைக்குள்ளேயே கலந்து வயிற்றுக்குள் ஏற்றுவோம், இரண்டு மூன்று வாரம். இரண்டு மூன்று நாளில் நீர் தெளியத் தொடங்கும். சரியான மருந்து கொடுத்து ஐந்து நாள் ஆகியும் தெளியாவிட்டால் டியூபை எடுத்துவிட வேண்டுமா என்று யோசிப்பார்கள். டியூபைக் காப்பாற்றப் போய் வயிற்றுச் சவ்வைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம். சீக்கிரம் வருகிறவர்களில் பலர் அந்தக் கட்டத்துக்குப் போவதே இல்லை.

கலங்கல் எல்லாமே தொற்று இல்லை என்பதும் உண்மை. பால் மாதிரி வெள்ளையாக, வலி ஏதும் இல்லாமல் வந்தால் கொழுப்பு கலந்திருக்கலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளால் அப்படி வருவதுண்டு. வயிறு பல நாள் காலியாக இருந்து மறுபடி தொடங்கும்போதும் முதல் பை மங்கலாக வரலாம். ஆனால் இதையெல்லாம் லேப் சொல்லட்டும். வீட்டில் நீங்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இல்லை.

பை தெளிவாக இருக்கிறது, வயிறு மட்டும் வலிக்கிறது என்றால் சாதாரண வயிற்று வலியாக இருக்கலாம், தொற்றின் தொடக்கமாகவும் இருக்கலாம். போன் செய்துவிட்டு அடுத்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள்.

இணைக்கும்போது நுனி எதிலோ பட்டுவிட்டது

கலங்கலுக்கு வழி பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. டியூப் நுனியை மூடும் மினி கேப்பைக் கழற்றிவிட்டு, புதுப் பையை இணைப்பதற்குள் நுனி விரலில் பட்டது, சேலை முந்தானையில் பட்டது, மேஜையில் இடித்தது, பேசும்போது மாஸ்க் கீழே இறங்கியிருந்தது. எதுவாக இருந்தாலும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு இணைப்பது மட்டும் கூடவே கூடாது. துடைத்தால் போய்விடும் என்பது நம் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. நுனியின் உள்பக்கத்தைப் பஞ்சால் யாரும் துடைக்க முடியாது.

பட்டது புதுப் பையின் நுனி என்றால், அந்தப் பை போச்சு. இன்னொன்றை எடுங்கள். பையின் விலையைப் பார்த்து மனசு வராது என்று எனக்குத் தெரியும். ஒரு தொற்றுக்கு ஆகும் மருந்துச் செலவையும் படுக்கைச் செலவையும் பார்த்தால் அந்தப் பை மலிவு.

பட்டது உங்கள் பக்கத்து டியூபின் நுனி என்றால், முதலில் பாருங்கள்: உங்கள் ட்ரான்ஸ்ஃபர் செட்டின் (வயிற்று டியூபோடு எப்போதும் சேர்ந்திருக்கும் இணைப்புக் குழாய்) கிளாம்ப் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? மூடியிருந்தால், புது மினி கேப் போட்டு மூடி, போன் செய்யுங்கள். ட்ரான்ஸ்ஃபர் செட்டை மாற்றக் கூப்பிடுவோம். திறந்திருந்தாலோ, பட்ட பிறகு நீரும் உள்ளே போயிருந்தாலோ விஷயம் இன்னும் பெரியது. செட்டை மாற்றுவதோடு, தொற்று வராமல் தடுக்க ஆன்டிபயாட்டிக்கும் கொடுப்பார்கள். இரண்டிலுமே, வந்து பார்க்கும்வரை அடுத்த பையைப் போடாதீர்கள். ஒரு பை சில மணி நேரம் தள்ளிப்போவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. “நுனி பட்டுச்சுன்னு சொன்னா சிஸ்டர் திட்டுவாங்க” என்று மறைப்பவர்கள் அதிகம். மருமகள் பை மாற்றும் வீடுகளில் இது இன்னும் அதிகம். மாமியார் முன்னால் தப்பை ஒத்துக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்? திட்டுகிற நர்ஸ்தான் இதற்கு முதல் காரணம் என்பேன். வீட்டிலும் சொல்லி வையுங்கள்: பை மாற்றுகிறவர் “பட்டுவிட்டது” என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

அடிக்கடி படுகிறது என்றால் மாற்றும் இடத்தைப் பாருங்கள். மின்விசிறி ஓடுகிறதா? கதவைத் தாழ்ப்பாள் போட்டீர்களா, குழந்தை ஓடி வருகிறதா? பூனை இருக்கிறதா? பூனைக்கு டியூபைக் கண்டால் விளையாடத் தோன்றும். பல் பட்ட சின்ன ஓட்டை கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் போதுமா? கண்புரை இருப்பவர்கள் இணைப்பு நுனியைத் தெளிவாகப் பார்க்கிறார்களா? கை கழுவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? டிரம்மில் பிடித்து வைத்த லாரித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு கழுவினால், சொம்பைத் தொடும் கை அடுத்த நொடி மறுபடி அழுக்கு. குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவி, புதுத் துண்டிலோ பேப்பர் துண்டிலோ துடைத்து, அப்புறம் சானிடைசர் போட்டுக் காயவிடுங்கள். குழாய் இல்லாத வீடென்றால் இன்னொருவர் மேலிருந்து ஊற்றட்டும்.

நீர் இறங்கவில்லை, அல்லது ரொம்ப மெதுவாக இறங்குகிறது

இரண்டு லிட்டர் இறங்கப் பதினைந்து இருபது நிமிஷம் போதும். அரை மணி ஆகியும் பாதிதான் வந்தது என்றால், இந்த வரிசையில் பாருங்கள்.

கிளாம்ப். எல்லாக் கிளாம்பும் திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள், பாதிப் போன் இதிலேயே முடிந்துவிடும். அப்புறம் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, நீங்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்களா, பாவாடை நாடாவுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று வயிற்றிலிருந்து பை வரை விரலால் தடவிப் பாருங்கள். இறங்கும் பை தரையில், வயிற்றைவிட நன்றாகத் தாழ்வாக இருக்க வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு பையைப் பக்கத்தில் வைத்தால் இறங்காது.

அடுத்து, சிறுநீர் இன்னும் போகிறவர்கள் போய்விட்டு வாருங்கள். எழுந்து நில்லுங்கள், இடம் வலம் சாயுங்கள், ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். டியூபின் உள் நுனி வயிற்றுக்குள் குடலோடு ஒட்டி நிற்கும்போது சில நேரம் இந்த அசைவே போதும்.

இதற்கும் வரவில்லை என்றால் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எப்போது வெளிக்குப் போனீர்கள்? டியூப் மக்கர் பண்ணுவதற்கு மலச்சிக்கலைப் போல அடிக்கடி வரும் காரணம் வேறு இல்லை. நிறைந்த குடல் டியூபை நசுக்கும், இடம் மாற்றித் தள்ளும். சிறுநீரக நோயாளிகளுக்கு மலச்சிக்கல் வர எல்லாக் காரணமும் இருக்கிறது: தண்ணீர் அளவு, பழம் அளவு, பாஸ்பரஸைக் குறைக்கச் சாப்பாட்டோடு போடும் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை. தினமும் ஒரு முறையாவது போக வேண்டும். ஒரு நாள் தவறினாலே டாக்டர் எழுதிக்கொடுத்த லாக்டுலோஸ் போன்ற மருந்தைத் தொடங்குங்கள். நாட்டு மருந்துக்கடைப் பேதி மருந்து வேண்டாம். எனிமாவையும் கேட்காமல் வாங்காதீர்கள். சில வகைகளில் பாஸ்பேட் இருக்கும், நமக்கு ஆகாது.

டியூபுக்குள் வெள்ளை நூலிழைகள் தெரிகிறதா? அது ஃபைப்ரின், ரத்தத்தில் உறையும் புரதம். ஒன்றிரண்டு இழை தானாக வெளியே வந்துவிட்டால் கவலை இல்லை. அடைத்துக்கொண்டால், உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப் பையில் சேர்க்கச் சொல்லலாம், ஆனால் அளவு எங்களிடமிருந்து வர வேண்டும். நீரும் கலங்கலாக இருந்து இழையும் இருந்தால் மேலே சொன்ன கலங்கல் பகுதிக்குப் போங்கள்.

இவை எதற்கும் மசியவில்லை என்றால் டியூப் உள்ளே இடம் மாறியிருக்கலாம், அல்லது வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரை அதைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். வயிற்று எக்ஸ்-ரே எடுத்தால் நுனி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தப் பகுதியில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: இறங்காத வயிற்றில் அடுத்த பையை ஏற்றாதீர்கள். “நேரமாயிடுச்சு, போட்டுடலாம்” என்று உள்ளே இரண்டு லிட்டர் இருக்கும்போது இன்னும் இரண்டு லிட்டர் ஏற்றினால் மூச்சு முட்டும், குடலிறக்கம் வரும், டியூப் ஓரத்தில் கசியும்.

*இறங்குவது நன்றாக இறங்குகிறது, ஆனால் ஏற்றியதைவிடக் குறைவு* என்றால் அது வேறு கதை. டியூப் சரியாக வேலை செய்கிறது. உடம்பு நீரை உறிஞ்சிக்கொண்டது. இரவில் 1.5 சதவீதச் சர்க்கரைப் பையை ஏழெட்டு மணி நேரம் உள்ளே விட்டால் பலருக்கு இப்படி ஆகும், ஏனென்றால் நீரை இழுக்கும் சர்க்கரை முதல் சில மணி நேரத்திலேயே உடம்புக்குள் போய்விடும். தொடர்ந்து இப்படி வந்தால் நோட்டில் எழுதி எடுத்துவாருங்கள்; இரவுப் பையை மாற்றுவோம்.

நீர் உள்ளே ஏறவில்லை

பையின் வாயில் உடைக்க வேண்டிய பிளாஸ்டிக் குச்சி முழுசாக உடைந்ததா, பை தோளுக்கு மேல் உயரத்தில் தொங்குகிறதா, கிளாம்ப், மடிப்பு. இவ்வளவுதான். இவை சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் டியூபுக்குள் அடைப்பு. பையை அமுக்கி உள்ளே தள்ளாதீர்கள்.

ஏறும்போது வலித்தால் பை குளிர்ந்திருக்கிறதா பாருங்கள். நம் ஊர் வெயிலில் மே மாதம் சூடு பண்ணவே தேவைப்படாது. மார்கழியில், ஊட்டி கொடைக்கானல் பக்கம் தேவைப்படும். வெளிக் கவரைப் பிரிக்காமல் வெப்பத் துணியிலோ வார்மர் பையிலோ வைத்துச் சூடாக்குங்கள். வெந்நீரில் முக்கினால் இணைப்பு வாய்க்குள் ஈரம் போகும், அதோடு கிருமியும். மைக்ரோவேவில் ஓரிடம் வெதுவெதுப்பாகவும் இன்னோரிடம் கொதிக்கவும் செய்யும், வயிற்றுக்குள் சுட்டுவிடும். மொட்டை மாடி வெயிலும் வேண்டாம்.

ஏற்றியதும் தோள்பட்டை வலிக்கிறது

காற்று உள்ளே போயிருக்கிறது. உதரவிதானத்துக்கு அடியில் காற்று தேங்கினால் வலி தோளில் தெரியும். ஆபத்தில்லை, ஓரிரண்டு நாளில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். இறக்கும்போது இடுப்பைத் தலையணை வைத்து உயர்த்திப் படுத்தால் கொஞ்சம் காற்று வெளியே வரும். அடுத்த முறை ஏற்றுவதற்கு முன், புதுப் பையிலிருந்து இறக்கும் பைக்குக் கொஞ்சம் நீரை ஓடவிட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மெதுவாக எண்ணுங்கள். அந்த நீர் காற்றை மட்டுமா தள்ளுகிறது, இணைக்கும்போது ஒட்டிய கிருமியையும் இறக்கும் பைக்கே அனுப்பிவிடுகிறது. அவசரத்தில் விட்டுவிடும் படி இதுதான்.

நீர் சிவப்பாக வருகிறது

கொஞ்சம் ரத்தமே பையைச் சிவக்க வைத்துவிடும், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். மாதவிடாய்க்குக் கொஞ்சம் முன்போ அந்த நாட்களிலோ பெண்களுக்கு ரோஸ் நிறமாக வருவது சகஜம். தண்ணீர்க் குடம் தூக்கினீர்களா, எங்காவது இடித்துக்கொண்டீர்களா, டியூப் இழுபட்டதா? அடுத்த இரண்டு பையில் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தால் போனில் சொன்னால் போதும். வெளுக்கவில்லை, கெட்டியாகச் சிவக்கிறது, தலை சுற்றுகிறது, வயிறு வலிக்கிறது என்றால் கிளம்புங்கள்.

கால் வீக்கம், எடை ஏற்றம், மூச்சு வாங்குதல்

தினமும் காலையில் வெளிக்குப் போன பின், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில், வயிறு காலியாக அல்லது நிறைந்து என்று ஒரே நிலையில் எடை பாருங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, இரண்டு லிட்டர் தண்ணீர்.

பைகளில் சர்க்கரையின் பலம் மூன்று: 1.5, 2.5, 4.25 சதவீதம். மூடியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், அதனால் நிறத்தை நம்பாமல் அச்சடித்த எண்ணைப் படியுங்கள். பலம் கூடக் கூட அதிக நீரை இழுக்கும். எடை ஏறினால் எந்தப் பைக்கு மாற வேண்டும் என்று உங்களுக்கு எழுதிக்கொடுத்திருப்பார்கள், அதன்படி செய்யுங்கள்.

ஆனால் 4.25-ஐ ஊறுகாய்க்குப் பரிகாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். “நேத்து கல்யாணம், நல்லா சாப்பிட்டேன், இன்னிக்கு ஸ்ட்ராங் பை போட்டுட்டேன்” என்று சொல்பவர்கள் உண்டு. பலமான பை தொடர்ந்து போட்டால் சர்க்கரை ஏறும், எடை ஏறும், வருஷக்கணக்கில் வயிற்றுச் சவ்வே தேய்ந்துபோகும். அப்புறம் எந்தப் பையும் இழுக்காது. கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் நான்கையும் ஒதுக்கினால் தாகமே பாதி குறையும். கடையில் கிடைக்கும் குறைந்த சோடியம் உப்பு நமக்கு இல்லை. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால்தான் தேவலை என்றால் வீட்டில் பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வயிற்று டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் ஒரு விசேஷமான சந்தேகம் உண்டு: மூச்சு வாங்குகிறது, பை போட்டதும் அதிகமாகிறது, ஏற்றியதைவிடக் குறைவாகத்தான் இறங்குகிறது, காலில் வீக்கம் பெரிதாக இல்லை. வயிற்று நீர் உதரவிதானத்தின் வழியாக நெஞ்சுக்குள், பெரும்பாலும் வலப்பக்கம், கசிந்திருக்கலாம். அப்படியானால் பலமான பை போடப்போட நிலைமை மோசமாகும். உள்ளே இருப்பதை இறக்கிவிட்டு, புதுப் பை ஏற்றாமல் வாருங்கள்.

இதற்கு நேர் எதிர்: எழுந்தால் தலை சுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, எடை குறைவு, பிரஷர் குறைவு. பேதியோ வாந்தியோ வந்த நாளில் இப்படி ஆகும். பலமான பையை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்; பிரஷர் மாத்திரையைப் போடுவதற்கு முன் கூப்பிட்டால் இன்னும் நல்லது.

டியூப் வெளியே வரும் இடத்தில் ஈரம், சிவப்பு, சீழ்

ஈரம் என்றால், போட்ட நீர் ஓரத்தில் கசிகிறதா என்று சந்தேகம். டியூப் போட்டுக் கொஞ்ச நாளிலேயே பை தொடங்கியவர்களுக்கு வரும். சிறுநீருக்கு வைத்துப் பார்க்கும் சர்க்கரைப் பட்டையை அந்த ஈரத்தில் வைத்தால், கசிவது பை நீர் என்றால் நிறம் நன்றாக மாறும். விரைப்பை வீங்குவதும், தொப்புள் அருகில் புடைப்பதும் இதே குடும்பம்தான். பை மாற்றுவதைச் சில நாள் நிறுத்தவோ, படுத்த நிலையில் குறைந்த அளவில் செய்யவோ சொல்வார்கள்.

சீழ் இருந்தால் தொற்று, சந்தேகமே இல்லை. சிவப்பு மட்டும் என்றால் தொற்றாகவும் இருக்கலாம், உரசலாகவும் இருக்கலாம். உரசல் என்றதும் நான் முதலில் கேட்பது அரைஞாண் கயிற்றைத்தான். டியூப் வாய்க்கு நேராக அரைஞாண் கயிறோ பாவாடை நாடாவோ வேட்டி மடிப்போ போகிறதா? கயிற்றைக் கழற்ற மனம் வராத பெரியவர்கள் உண்டு. சரி, மேலேயோ கீழேயோ தள்ளிக் கட்டிக்கொள்ளட்டும். டியூபை டேப் போட்டு வயிற்றோடு ஒட்டி வையுங்கள், ஆடக் கூடாது. தோலுக்கு அடியில் டியூப் போகும் பாதையை மெல்ல அழுத்திப் பாருங்கள். வலித்தால், சூடாக இருந்தால், அன்றே வாருங்கள். அந்தத் தொற்று வயிற்றுக்குள் போக ரொம்ப தூரம் இல்லை.

டாக்டர் எழுதிய களிம்பைத் தவிர மஞ்சள், விபூதி, பவுடர் எதுவும் அங்கே வேண்டாம். காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள். குளியல் என்றால் குழாய்த் தண்ணீர், மேலிருந்து. ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் முங்குவது, ராமேஸ்வரம் கடல் நீராடல், கோயில் குளம் இவற்றுக்கு நேர்ந்திருந்தால், தலையில் தெளித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

டியூப் கிழிந்துவிட்டது, அல்லது இணைப்பு கழன்றுவிட்டது

ஓட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில், வயிற்றுப் பக்கமாக, கிளாம்ப் போடுங்கள். கிழிந்த இடத்தைச் சுத்தமான காஸ் துணியால் சுற்றிக் கிளம்புங்கள். டேப் ஒட்டியோ பசை போட்டோ சரி செய்து அடுத்த பையைப் போடாதீர்கள். வீட்டில் இரண்டு கிளாம்பாவது எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும். பிளாஸ்டரை வெட்ட டியூப் பக்கத்தில் கத்தரிக்கோலைக் கொண்டுபோவதுதான் பெரும்பாலான வெட்டுக்குக் காரணம். கையாலேயே கிழியும் டேப் வாங்குங்கள்.

சர்க்கரை அளவு தாறுமாறாகக் காட்டுகிறது

பையில் இருக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு உடம்புக்குள் போவதால் அளவு கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். ஆபத்து வேறிடத்தில். இரவுக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் பை (சர்க்கரைக்குப் பதிலாக ஒரு வகை மாவுப்பொருள் உள்ளது) போடுபவர்களுக்கு, சில வகைக் குளுக்கோமீட்டர் பட்டைகள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அந்தப் பையிலிருந்து உண்டாகும் மால்ட்டோஸ் என்ற வேறு சர்க்கரையைக் குளுக்கோஸ் என்று நினைத்துக்கொள்கின்றன. மீட்டர் 250 காட்டுகிறதென்று இன்சுலினைக் கூட்டினால், உண்மையில் குறைவாக இருக்கும் சர்க்கரை இன்னும் விழுந்து மயக்கம் வரும். ஜி.டி.ஹெச்.-பி.க்யூ.க்யூ. வகைப் பட்டை வேண்டாம் என்று கடையில் சொல்லுங்கள். பட்டை டப்பாவை எங்களிடம் காட்டினாலும் போதும். பையை நிறுத்தி ஏறக்குறைய இரண்டு வாரம் வரை இந்தக் கோளாறு இருக்கும். வியர்த்து நடுங்கினால் மீட்டர் என்ன காட்டினாலும் முதலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை சாப்பிடுங்கள்; அப்புறம் லேபில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

கரண்ட் இல்லை, பை தீர்ந்துவிட்டது, பெட்டி நனைந்துவிட்டது

கையால் மாற்றுகிறவர்களுக்குக் கரண்ட் போனால் டார்ச் போதும். மெஷின்காரர்கள் கையால் மாற்றும் பைகளும் மினி கேப்பும் கொஞ்சம் எப்போதும் வைத்திருக்க வேண்டும், மாற்றும் முறையும் மறக்காமல் இருக்க வேண்டும். மெஷின் ராத்திரி “இறங்கவில்லை” என்று கத்தினால், மேலே சொன்ன அதே வரிசைதான்: கிளாம்ப், மடிப்பு, உடம்பைத் திருப்புதல், மலச்சிக்கல். அலாரத்தை அமுக்கிவிட்டு அடுத்த சுற்றுக்குத் தாண்டிப் போவது, இறங்காத வயிற்றில் ஏற்றுவதற்குச் சமம்.

இரண்டு வாரத்துக்கான பைகளாவது கையிருப்பில் இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வசதியும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், பலகை மேல் வையுங்கள். சென்னையில் 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நனைந்த பெட்டி, எலி கடித்த பெட்டி, உள்ளே ஈரம் கோத்த வெளிக் கவர், தேதி முடிந்தது, நீர் கலங்கியது, அமுக்கினால் ஒழுகுவது எதையும் போட வேண்டாம்.

வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்

வயிற்று டயாலிசிஸ் தெரியாத இடத்தில் டியூபைப் பார்த்ததும் சிறுநீர் டியூப் என்றோ, ஆபரேஷன் செய்து விட்ட டியூப் என்றோ நினைப்பார்கள். மாஸ்க் போடாமல் மினி கேப்பைத் திறந்து சாம்பிள் எடுக்கவும், அதில் மருந்து ஏற்றவும் பார்ப்பார்கள். “இதை யாரும் திறக்க வேண்டாம், முதலில் இந்த நம்பரில் பேசுங்கள்” என்று கூட இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நம்பரை, பையின் வகைகள், ஒரு நாளைக்கு எத்தனை முறை, கடைசியாக எப்போது ஏற்றியது இவற்றோடு ஒரு அட்டையில் எழுதி, நோயாளியின் பர்ஸிலும் வீட்டு நோட்டிலும் ஒன்று ஒன்று வையுங்கள். கிளம்பும்போது இரண்டு நாளைக்கான பைகள், மினி கேப், கிளாம்ப், மாஸ்க் ஒரு கூடையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவை கிடைக்காது.